பாசமிகு சகோதரனும்

என் அண்ணையின் மரண அறிவித்தலை அடித்தது நான்தான். வேறு யாராவது அடித்திருக்கலாம் என்று இப்போது படுகிறது. ஆனால் எங்கள் அச்சகத்தில் செத்தவர்கள் என் பொறுப்பு.

அச்சகம் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளியின் மகன் றஞ்சித் காற்சட்டையோடு மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தான். இப்போது அவன்தான் முதலாளி. இருபத்துநாலு வருடம் போய்விட்டது. கல்யாணக் கார்ட், சாமத்தியவீட்டு அழைப்பு, கடை திறப்பு விழா நோட்டீஸ் எல்லாம் அடிக்க இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூவும் மினுக்கமும் போட அவர்களுக்குத்தான் தெரியும். மரண அறிவித்தல் என்று யாராவது வந்தால் மட்டும், யசிந்தா அக்காவிடம் கொடுங்கள், பிழை வராது என்று றஞ்சித் என் பக்கம் கையைக் காட்டிவிடுவான்.

பிழை வராததற்கு என்னிடம் வித்தை ஒன்றும் இல்லை. அடித்து முடித்தவுடன் வந்தவர்களை முன்னால் இருத்தி, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்குவேன். செத்தவீட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கண் வேலை செய்யாது. எழுத்து முன்னால் கிடந்தாலும் காணமாட்டார்கள். காது மட்டும் வேலை செய்யும். சின்ன மாமியை விட்டுவிட்டோமே என்று அப்போதுதான் திடுக்கிடுவார்கள். அப்படி நான் காப்பாற்றிக் கொடுத்த சின்ன மாமிகள் இந்தக் குடாநாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு மனிதரை அடித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் போதும். எங்கே பிறந்தார், எங்கே இருந்தார், என்றைக்குச் செத்தார். மிச்சம் முழுவதும் ஆட்கள்தான். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் பாசமிகு சகோதரனும் ஆவார். அவர் எதற்குச் சிரித்தார், குழம்பில் உப்புக் குறைந்தால் எப்படிக் கத்தினார் என்பதெல்லாம் நோட்டீசில் வராது, ஊரும் அதைத் தேடாது. சனம் முதலில் படத்தைப் பார்க்கும், பிறகு பெயர்களைப் பார்க்கும். யார் கனடாவில், யார் பிரான்சில், யாருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று விழுந்திருக்கிறது, யாருடைய பெயரைக் காணவில்லை. காணாத பெயரைப் பற்றித்தான் அதிகம் கதைக்கும்.

முன்பெல்லாம் வயதைப் பார்த்து இரக்கப்படுவேன். நாற்பத்திரண்டு என்று வந்தால் பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லி உச்சுக்கொட்டிவிட்டுத்தான் அடிப்பேன். இப்போது கழித்துப் பார்க்கிறேன். எனக்கு ஐம்பத்தொன்பது. எழுபத்தொன்று என்று வந்தால் எனக்கு இன்னும் பன்னிரண்டு இருக்கிறது. அறுபத்துமூன்று என்று வந்தால் நாலு. ஐம்பத்தெட்டு வந்தால், நல்லது, ஒன்றைத் தாண்டிவிட்டேன் என்று விரல் தன்பாட்டில் அடித்துக்கொண்டு போகிறது. பயம் என்று இல்லை. பஸ்சுக்கு நிற்கிறவர்கள் வருகிற பஸ்சின் போர்டை எட்டிப் பார்ப்பது போலத்தான்.

என்னுடைய அறிவித்தலையும் மனத்துக்குள் அடித்துப் பார்த்திருக்கிறேன். அடிக்க ஐந்து நிமிடம்கூட எடுக்காது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே மற்றவர்களின் அறிவித்தலில் நான் தாயாக வரமுடியாது, மாமியாராக வரமுடியாது. என் பிறந்த வீட்டுப் பக்கத்தில் சகோதரியாக மட்டும்தான் வரலாம். அதற்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று குருநகரில் இருந்த அண்ணை எமில்ராஜ், மற்றது ஜேர்மனியில் இருக்கிற தங்கச்சி றொசாந்தி. அண்ணையின் பெயரோடு என் பெயர் ஒருநாள் ஒரே தாளில் வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்காக அவர் சாகவேண்டும் என்று நினைத்ததில்லை. எப்போதாவது சாகத்தானே போகிறார், நானும்தான், முந்துகிறவர் முந்தட்டும், ஆனால் பெயர் வரவேண்டும். அப்பாவின் அறிவித்தலில் வராத பெயர் அது.

நாங்கள் கத்தோலிக்கர், குருநகர் யாகப்பர் கோயில் சனம். அப்பா செல்வரட்ணம் கடலுக்குப் போனவர், அண்ணையும் போனவர். அம்மா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே தவறிவிட்டா. நான் தொண்ணூறாம் ஆண்டு மானிப்பாய்ச் சைவக்காரர் ஒருவரைப் பதிவாளர் முன்னால் எழுத்து முடித்தேன். பெயர் ஜெயரூபன். அப்போது அரசாங்க பஸ்சில் கொண்டக்டர், பிறகு பஸ் நிலையத்தில் ரைம்கீப்பர், இப்போது பென்சன். அவர் ஞானஸ்நானம் எடுக்கமாட்டேன் என்றார், நான் திருநீறு பூசமாட்டேன் என்றேன், அந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வெளியில் இருந்தவர்களுக்குத்தான் கரைச்சல். அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். தொண்ணூற்றேழில் அவர் செத்தபோது ஆஸ்பத்திரி வீதி மதிலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு வாசித்தேன். ‘எமில்ராஜ், றொசாந்தி ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்று இருந்தது. நடுவில் பிறந்த நான் இல்லை. அறிவித்தல் கொடுத்தது அண்ணை. கோயிலில் கடைசி வாங்கில் இருந்தேன், சேமக்காலை வாசல் மட்டும் போனேன், கல்லறைக்கு மண் போட யாரும் கூப்பிடவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

என் மாமனார் தம்பிராசா செத்தபோது மாமி பாலேஸ்வரி மூத்த மருமகள் என்று என் பெயரைப் போடுவித்தா. என்னைக் கல்யாணம் கட்டியதற்காக இரண்டு வருடம் மகனுக்குச் சோறு போடாத மனுசி. செத்தவருக்காகச் சைவக்காரர் அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் யசிந்தா என்ற பெயர் தேவாரத்துக்குப் பக்கத்தில் அச்சாகிக் கிடந்தது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

யாழ்ப்பாணம் பெரிய நகரம் இல்லை. கோபமாக இருக்கிற இரண்டு பேருக்கு அது மிகவும் சின்னது. பெரியகடையில், யாகப்பர் திருநாளில், மருந்துக்கடை வாசலில் என்று நானும் அண்ணையும் கண்டுகொண்டே இருந்தோம். கண்டால் அவர் சந்தியைப் பார்ப்பார், நான் சைக்கிள் மணியைப் பார்ப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வங்கியில் ஒருநாள் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. என்னைப் பார்த்துச் சுகமோ என்று கேட்டார். ஓம் அண்ணை என்றேன். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போய்விட்டார். அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு இருபத்தாறு வருடத்தில் நாங்கள் கதைத்தது அவ்வளவுதான். அவருடைய இலக்கம் ஐந்து பேருக்குப் பிறகு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கதைத்திருப்போம் என்று பலநாள் நினைத்ததுண்டு.

அண்ணையைப் பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறது என்று றஞ்சித்தான் சொன்னான். இதயம் பெலவீனமாம். கடையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம். பகல் பார்வையாளர் நேரமும் என் சாப்பாட்டு நேரமும் ஒன்றுதான். பதின்மூன்று நாள் அவர் அங்கே கிடந்தார். பதின்மூன்று நாளும் நான் காலையும் மாலையும் அந்த மதிலைத் தாண்டிச் சைக்கிளில் போனேன். ஒருநாள் தோடம்பழம்கூட வாங்கிக்கொண்டு வாசல் மட்டும் போனேன். அண்ணையின் மனுசி, என் மச்சாள், கட்டிலடியில் நின்று, இப்போது ஏன் வந்தாய் என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்தால் என்ன செய்வது என்று யோசனை வந்தது. திரும்பிப் போய்த் தோடம்பழத்தைக் கடைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். வரச்சொல்லி ஒரு சொல் வந்தால் ஓடிப்போகத் தயாராக இருந்தேன். அந்தச் சொல்லுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விடிய றஞ்சித் போன் எடுத்துச் சொன்னான். இரவே முடிந்துவிட்டதாம். இன்றைக்கு வேலைக்கு வரவேண்டாம் அக்கா என்றான். ஜெயரூபன் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, சீலையை மாற்று, உடனே போவோம் என்றார். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லையே என்றேன்.

“செத்தவீட்டுக்கு ஆரும் வெத்திலை வைச்சுக் கூப்பிடுறவையே?” என்று கேட்டார்.

மற்றவர்களுக்குத் தேவையில்லை, எனக்குச் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டேன். அழவில்லையா என்றால், அழுதேன். சைக்கிளில் போகும்போது அழுதேன். சைக்கிளில் போகிற பெண்ணின் முகத்தை இந்த நகரத்தில் யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் தூசி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பத்து மணிக்கு ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மச்சாள் யோசப்பினும் மகன் ஜெரிசனும் இறங்கினார்கள். குருநகரிலிருந்து வருகிற வழியில் மூன்று அச்சகம் இருக்கிறது. மூன்றையும் தாண்டி இங்கே வந்திருக்கிறார்கள் என்றால் அது எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். றஞ்சித் ஓடிவந்து, தான் அடிக்கிறேன், அக்கா எழும்புங்கோ என்றான். நான் எழும்பவில்லை. மச்சாளைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். ஜெரிசன் படம் இருந்த பென்டிறைவை என்னிடம் தந்துவிட்டு, மாமி, நான் பெட்டி பார்க்கப் போகவேண்டும் என்று அதே ஓட்டோவில் போய்விட்டான். மாமி என்று அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முப்பத்துநாலு வயதுப் பிள்ளை.

மச்சாளின் கையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. வெட்டித் திருத்தி ஒரே குழப்பமாக இருந்தபடியால் அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர் மனத்திலிருந்து சொன்னார், நான் அடித்தேன். குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட. கடற்றொழிலாளர் சங்கத்தின் முன்னாள் செயலாளர். காலஞ்சென்றவர்களான செல்வரட்ணம், மரியதிரேசா தம்பதியரின் அன்பு மகனும். அம்மா அப்பாவின் பெயரை அடிக்கும்போது விரல் நிற்கவில்லை. எத்தனையோ பேருடைய அம்மா அப்பாவை அடித்த விரல். யோசப்பினின் அன்புக் கணவரும். ஜெரிசன், ஜெனிற்றா (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தந்தையும். கிறிஸ்ரியின் அன்பு மாமனாரும்.

“சகோதரங்கள்,” என்றார் மச்சாள். “றொசாந்தி.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும், வேறை சகோதரங்கள் இல்லையோ என்று கேட்டிருப்பேன். ஒருநாளில் பத்துத் தடவை நான் கேட்கிற கேள்வி அது, வாயில் தானாகவே வரும். அன்றைக்கு வந்ததை விழுங்கினேன். கேட்டு வாங்குகிற பெயர் எனக்கு வேண்டாம், அவராகச் சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜேர்மனியிலிருந்து றொசாந்தி. அவள் அங்கே கதற, மச்சாள் இங்கே கதற, கல்யாணக் கார்ட் பார்க்க வந்தவர்கள் அந்தரப்பட்டு வெளியில் போய் நின்றார்கள். போனை வைத்தபோது தாள் அவருடைய கையில் கசங்கிப்போயிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனிப் பூசை நேரத்தைப் போடும் என்றார்.

‘றொசாந்தியின் (ஜேர்மனி) பாசமிகு சகோதரனும்’ என்று அடித்தேன். மைத்துனர் வரியில் றொசாந்தியின் மனுசனின் பெயர் மட்டும். பிறகு பூசை நேரம், சேமக்காலை, தகவல் குடும்பத்தினர்.

படத்தைப் போட்டேன். மகளின் கல்யாணத்தில் எடுத்த படம், மீசை கறுப்பாக இருந்தது. வழக்கமாக எல்லாருக்கும் ஒரு கோட்டும் ரையும் வெட்டி ஒட்டிவிடுவோம். அண்ணைக்குப் போடவில்லை. வெள்ளைச் சேட்டோடு நன்றாகத்தான் இருந்தார். மாதிரித் தாளை எடுத்து மச்சாளின் முன்னால் வைத்தேன். இருபத்துநாலு வருடத்தில் முதல் தடவையாக வாசித்துக் காட்டவில்லை. வாசித்தால் அந்த வரியில் நான் இல்லை என்று என் வாயாலேயே சொல்லவேண்டி வரும். அதைச் செய்ய என்னால் ஏலாது.

அவர் தாளைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“எல்லாரையும் போட்டாச்சோ, யசிந்தா?”

“நீங்கள் சொன்ன எல்லாரையும் போட்டாச்சு, மச்சாள்.”

சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. பொய் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை, குத்தவேண்டியதைக் குத்திவிட்டேன் என்ற சந்தோசம். அவர் தலையாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தோளைப் பிடித்து, நாளைக்கு நேரத்தோடு வாரும் என்றார். அது பெரிய வார்த்தைதான். ஆனால் அந்த வரிக்குப் பிறகு அது எனக்குச் சும்மா உபசாரமாகவே பட்டது.

பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது நகரம் முழுக்க அண்ணை ஒட்டப்பட்டிருந்தார். ஆஸ்பத்திரி வீதியில் நாலு இடம், பஸ் நிலையத்தில் இரண்டு, கோயிலடி மதிலில் வரிசையாக. போன கிழமை நான் அடித்த வட்டுக்கோட்டை வாத்தியார் ஒருவரின் மேல் பாதி மறைய ஒட்டியிருந்தார்கள். வருகிற கிழமை யாரோ ஒருவர் அண்ணையின் மேல் ஒட்டப்படுவார், அவரையும் நான்தான் அடிப்பேன். குளிர்களிக் கடையின் முன்னால் விளக்குக் கம்பத்திலும் ஒன்று. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ரியூசன் முடிந்த பெட்டைகள் நீளக் கரண்டியால் ஐஸ்கிறீம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கம்பத்தைப் பார்த்தாள், படத்தைத் தாண்டி றோட்டில் போன மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். அவளில் பிழை இல்லை. அவளுடைய வயதில் நானும் அப்படித்தான் பார்த்தேன். அப்போதெல்லாம் நேரம் என்பது ஏராளமாகக் கிடந்தது. கோபத்துக்கும் கொடுக்கலாம், மிச்சமும் இருக்கும்.

நின்று வாசித்தேன். எழுத்து நேராக இருந்தது, திகதி சரி, ஒரு பிழை இல்லை. யாரோ ஒரு குருநகர்க்காரரின் அறிவித்தல். அந்தக் குடும்பத்தில் ஒரு ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை என்று அதை வாசிக்கிற எவரும் நம்புவார்கள். அப்பாவுடையதிலும் அண்ணையுடையதிலும் இல்லாத பெயர் என்றால், அப்படி ஒருத்தி செல்வரட்ணத்துக்குப் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். நான் இன்னும் சாகவில்லை, அதற்குள் என்னைப் பிறக்காதவளாக்கிவிட்டார்கள் என்று மச்சாளிலும் செத்த மனுசனிலும் கோபம் கோபமாக வந்தது.

ஜெயரூபனிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவ நிறுத்தி உன்னைப் பார்த்தா என்றால் நீ கேட்டிருக்கலாமே என்றார். நான் ஏன் கேட்கவேண்டும் என்று கத்தினேன். மனுசன் எழும்பிப்போய்ப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் போனோம். முப்பது வருடத்துக்கு மேல் மிதிக்காத முற்றம். தகரப் பந்தலின் கீழ் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்த சனம் என்னைக் கண்டதும் கதையைக் குறைத்தது. உரிமைக்காரி போல நடந்து உள்ளே போனேன் என்று சொல்லமாட்டேன், ஜெயரூபனின் பின்னால் ஒதுங்கித்தான் போனேன். மாமி முறையான ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்கு மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. தமையனின் நோட்டீசை அடித்தவளே இவள்தான், வேண்டுமென்று தன் பெயரை விட்டிருக்கிறாள், செத்த பிறகும் கோபமாம். எனக்கு விளங்கவில்லை. நான் விட்டதா?

அண்ணை கூடத்து நடுவில் வெள்ளைத் துணி விரித்த பெட்டியில் கிடந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. தலைமாட்டில் மச்சாள் இருந்தார். என்னைக் கண்டவுடன் எழும்பிவந்து என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கண்ணீர் இல்லாத, களைத்துப்போன முகம்.

“ஏன் யசிந்தா உம்மடை பேரைப் போடேல்லை?”

“நீங்கள் சொல்லேல்லையே, மச்சாள்.”

“உமக்கு நான் சொல்லோணுமே? அவர் உம்மட்டைக் குடுக்கச் சொன்னதே அதுக்குத்தானே.”

கட்டில் நுனியில் இருந்து அவர் சொன்னதை நான் நின்றுகொண்டே கேட்டேன். சாவதற்கு மூன்று நாளுக்கு முன்னால், மூச்சு வாங்க வாங்க, அண்ணை மச்சாளைக் கிட்டக் கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னதை மச்சாள் ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே சொன்னார்.

“‘அறிவித்தலை யசிந்தாவிட்டைக் குடு. தன்ரை பேரையும் அவன்ரை பேரையும் அவளே தன்ரை கையாலை போடட்டும். அப்பான்ரை நோட்டீசிலை விடச்சொல்லி அப்பா சொல்லேல்லை, நான்தான் விட்டனான். அதை நீ சொல்லாதை, நானே சொல்லுறன். பக்கத்திலைதானே வேலை செய்யிறாள், வருவாள்.’ கதவடியிலை ஆரும் வந்தால் தலையைத் தூக்கிப் பாப்பார், யசிந்தா. கடைசி நாளும் பாத்தவர்.”

கடையில் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாராம். அழுகை வந்து அடைத்துவிட்டதாம். நான் திரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தபடியால், என் இடத்துக்கு வந்ததும் நானே போட்டுவிட்டேன் என்று நினைத்தாராம். நோட்டீசைப் பார்த்த ஜெரிசன் வந்து கேட்டபோது, மாமிக்கு இன்னும் அப்பாவில் கோபம் ஆறவில்லை, விடு என்று சொன்னாராம்.

அண்ணை என்னை விடவில்லை. எனக்கென்று இடம் விட்டு வைத்திருந்தார், அதை நிரப்ப என்னையே நம்பியிருந்தார். நான்தான் என்னை வெட்டினேன். இருநூறு தாளில் அச்சடித்து, அவர் மன்னிப்புக் கேட்டதற்கு மாட்டேன் என்று பதில் எழுதி, ஊர் முழுக்க ஒட்டுவித்தேன். பதின்மூன்று நாள் அவர் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், நான் மதிலுக்கு வெளியே சொல் வரும் என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன். நடுவில் ஒரு றோட்டு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஐயோ, என் வீம்பே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை.

நீங்கள் சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சாள் என்றேன். அவருக்கு அது விளங்கியது. எழும்பிவந்து என் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்து, முப்பத்தோராம் நாள் கார்டிலே போடுவோம், விடும் என்றார். பாவம், அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் கார்டில் பெயர்கள் வராது. மனைவி, பிள்ளைகள், மருமகன், சகோதரங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஒரு ஆளுக்கு ஒரு மரண அறிவித்தல்தான்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடப்போகிறோம், முத்தம் கொடுக்கிறவர்கள் வரலாம் என்றார்கள். மச்சாள் போனார். ஜெரிசனும் லண்டனிலிருந்து விடிய வந்து இறங்கிய ஜெனிற்றாவும் போனார்கள். சகோதரங்கள் என்று கூப்பிட்டார்கள். ஜெயரூபன் என் முதுகில் கையை வைத்தார். சனம் வழி விட்டது. கூடத்தில் சகோதரம் என்று நின்றது நான் ஒருத்திதான்.

குனிந்து நெற்றியில் முத்தமிட்டேன். குளிர்ந்திருந்தது. காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“அண்ணை, யசிந்தா வந்திருக்கிறன்.”

மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுசன் பொறுமையாக நின்று பார்த்தார். பிறகு, அம்மா, நேரம் போகுது என்றார். நான் விலகினேன்.